விட்டுக்கொடுத்தலும் உரிமையும்: கோல்ப் வெளியில் எழுந்த வழக்கு

இலண்டன் மாநகரின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டன் பொதுவெளியிற் கோல்ப் ஆடுவோர் செந்நிற மேலாடை அணிந்தே ஆடுதல் வேண்டும். உலாவுவோர் ஆட்டக்காரரைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும் பொருட்டு இவ்விதி ஏற்பட்டது. நடப்போர்க்கு அத்தகைய கட்டளை ஏதுமில்லை. காரணம் அவ்வெளியின் வரலாற்றிலே உள்ளது. 1864 ஆம் ஆண்டில், அவ்வூர் நிலக்கிழாராகிய ஸ்பென்சர் பிரபு வெளியின் ஒரு பகுதியை விற்று, எஞ்சியதை வேலியடைத்துப் பூங்காவாக்க எண்ணினார். அயலார் வெகுண்டெழுந்தனர். ஏழாண்டுப் போராட்டத்தின் பின் 1871 இல் இயற்றப்பட்ட பாராளுமன்றச் சட்டம் வெளியைக் காப்பாளர் சபையொன்றிடம் ஒப்படைத்தது. பிரபுவுக்கு ஆண்டுதோறும் 1,200 பவுண் வகுக்கப்பட்டது. 1865 முதலே அங்கு ஆடிவந்த கோல்ப் கழகத்தாரும் பொதுமக்களுக்கென்று காக்கப்பட்ட நிலத்திலேயே அதன்பின் ஆடலாயினர்.

இத்தகைய தனிச் சட்டத்தின் காவல் எல்லா நிலங்களுக்கும் வாய்த்ததன்று. அது வாய்க்காதவிடத்து நெடுநாட் பயிற்சியே மக்களுக்குத் துணை. ஊரவர் ஒரு நிலத்தில் இருபதாண்டுக் காலம், வன்முறையின்றியும் மறைவின்றியும் அனுமதி பெறாமலும், உரிமையுள்ளார்போல் உலாவியும் விளையாடியும் வந்தனராயின், அதனை ஊர்ப் பசுந்திடலாகப் பதிவுசெய்ய ஆங்கிலச் சட்டம் இடமளிக்கின்றது. ‘உரிமையுள்ளார்போல்’ என்னும் அவ்வொரு சொல்லின் மேலேயே றெட்கார் வழக்கு முழுவதும் நின்றது.

றெட்கார், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கடற்கரைப் பட்டினம். அங்குள்ள கோதம் பொதுவெளி நகரசபைக்கு உரியது. 2002 ஆம் ஆண்டு வரை ஒரு கோல்ப் கழகத்தின் ஆடுகளத்தில் அடங்கியிருந்தது. ஊரவரும் அங்கே நாய்களுடன் உலாவினர், சிறுவர் விளையாடினர். ஒருவர் பந்தடிக்க ஆயத்தமாய் நிற்கக் கண்டால், நடப்போர் நின்று, ஆட்டம் கடந்தபின் அல்லது ஆடுவோர் கைகாட்டியபின் அப்பாற் செல்வர். பூசல் அரிது. பறந்துவரும் பந்தின் முன்னே எவர்தாம் உரிமை பேசுவர்!

கழகத்தார் அகன்றபின் அந்நிலத்தில் வீடுகளும் பிறவும் எழுப்ப நகரசபை திட்டமிட்டது. அதனைப் பசுந்திடலாகப் பதிய வேண்டுமென ஊரவர் விண்ணப்பித்தனர். விசாரணை அதிகாரி இருபதாண்டுப் பயிற்சியை ஏற்றுக்கொண்டார். ஆனால், கோல்ப் ஆடுவோர்க்கு வழிவிட்டே நடந்தமையால் ஊரவர் உரிமையுள்ளார்போல் நடந்திலர் என்றார். உரிமை கொண்டாடுபவன் ஒதுங்கி நிற்பானா என்பதே இக்கூற்றின் சாரம். 2008 இல் மேல் நீதிமன்றமும் 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதிகாரியின் முடிவையே தழுவின.

இவ்வாதம் நுட்பமானதுதான். ஆயினும் அதன்வழிப் பெறப்படும் முடிவு விபரீதமானது: முட்டி மோதி நடந்த முரடனுக்கு உரிமை உண்டு, நின்று வழிவிட்ட பண்பாளனுக்கு இல்லை என்றாகும். 2010 மார்ச் 3 ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் ஐவரும் ஒருமுகமாகக் கீழ்மன்றங்களின் தீர்ப்பை மாற்றினர். ஒதுங்கி நிற்றல் நன்னடத்தையும் பொது அறிவுமேயன்றி, உரிமை இன்மையை ஒப்புக்கொள்வதாகாது என்பது அவர்தம் துணிபு. நிலவுடையவன் தன் நிலத்தைப் பலர் பல்லாண்டு பயன்படுத்தக் கண்டும் வாளாவிருந்தானா என்பதே நோக்கத்தக்கது என்றனர்.

பதிவினால் உடையவனுக்கு யாதும் எஞ்சாதோ என்னும் ஐயமும் அங்கு ஆராயப்பட்டது. முன்னர் நிலம் எவ்வாறு பயன்பட்டதோ அவ்வாறே அவன் தொடரலாம் என்றும், இரு திறத்தாரும் பண்டுபோல ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்தொழுகுதல் வேண்டும் என்றும் விளக்கப்பட்டது. கோல்ப் மீண்டும் ஆடப்பட்டிருப்பினும் தடை இராது. வீடு கட்டுதலே தடைப்பட்டது.

இதில் வியப்பொன்று உண்டு. தீர்ப்பு வெளிவந்தபோது கோல்ப் ஆடுவோர் அவ்விடத்தை விட்டு எட்டாண்டுகள் கழிந்திருந்தன. அவர்கள் ஊரவர்மேல் எவ்வழக்கும் தொடுத்தவரல்லர். அவர்களுக்குக் காட்டிய மரியாதையை ஊரவர்க்கு எதிராக எடுத்துக்காட்டியது, நிலத்தைக் கட்டட மனையாக்க விரும்பிய நகரசபையே.