சில்லு அகன்ற கதை

உழவு இயந்திரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே எழுதுகின்றனர். எத்தனை குதிரை வலு, எந்த ஆண்டு, எந்தக் கம்பனி என்பனவே பேசப்படும். ஆனால் அந்த வலுவை மண்ணில் இறக்குவது சில்லு. சில்லைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதன் வட்டையான றிம்மைப் பற்றிப் பேசுவோர் அதனிலும் குறைவு. கடந்த நூறு ஆண்டுகளில் விவசாயியும் கொல்லனும் பொறியியலாளரும் திரும்பத் திரும்பக் கைவைத்த உறுப்பு அதுவே. முதலில் அதனை வெட்டிச் சிறிதாக்கினார்கள். பின்னர் வெட்டி அகலமாக்கினார்கள். இந்தக் கதை அமெரிக்க வயல்களில் நிகழ்ந்தது. எனினும் இலங்கையிலும் மலாயாவிலும் பால்வெட்டிய எம்மவர்களுக்கும் அதில் ஓர் இடமுண்டு என்பதாலேயே இதனை இங்கு எழுத முனைந்தேன்.

1920களில் அமெரிக்க வயல்களில் ஓடிய உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் இரும்புச் சில்லுகளுடனேயே வந்தன. மண்ணைக் கௌவிப் பிடிப்பதற்காகப் பின்சில்லுகளில் இரும்புப் பற்கள் பொருத்தப்பட்டிருந்தன. மணிக்கு மூன்று, நான்கு மைலுக்கு மேல் ஓட்டினால் இயந்திரமும் தாங்காது, ஓட்டுபவரின் முதுகெலும்பும் தாங்காது. பற்கள் வீதிகளைக் கிழித்தமையால் அவற்றுடன் வீதியில் ஏறுவதைப் பல இடங்களில் சட்டம் தடுத்தது. புளோரிடா மாநிலத்தின் தோடந் தோட்டக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பற்கள் மரங்களின் வேர்களை அறுத்தன. எனவே 1920களின் இறுதியில் அவர்கள் கழித்துவிடப்பட்ட லொறி ரயர்களை எடுத்து இரும்புச் சில்லின்மேல் மாட்டி ஓட்டிப் பார்த்தனர். அவற்றுள் காற்று இல்லை. ஆயினும் வேர் தப்பியது.

விவசாயிகள் தாமாகச் செய்த இந்த ஒட்டுவேலைக்குப் பின்னர்தான் பெரிய கம்பனிகள் களமிறங்கின. 1932இல் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், விஸ்கொன்சின் மாநிலத்தின் வோக்கஷா அருகிலுள்ள ஒரு பாற்பண்ணையில், தனது யு மாதிரி உழவு இயந்திரத்தில் விமானத்துக்கென உருவாக்கப்பட்ட பயர்ஸ்டோன் ரயர்களைப் பூட்டிச் சோதித்தது. காற்றழுத்தம் கூடுதலாக இருந்தபோது இயந்திரம் துள்ளியது, சில்லு வழுக்கியது. சதுர அங்குலத்திற்கு 15 இறாத்தல் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்தபோது ரயர் சற்றுச் சப்பி மண்ணில் படிந்தது. கலப்பை சீராக நகர்ந்தது. அந்த ஆண்டிலேயே காற்றடைத்த ரயருடன் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. மறுவருடம் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற காரோட்டப் பந்தய வீரரைக்கொண்டு மணிக்கு 64 மைல் வேகத்தில் அதனை ஓடவைத்து விளம்பரம் செய்தார்கள். உழுவதற்கு அந்த வேகம் தேவையற்றது. ஆனால் ரயர் கழன்று விழாது என்பதைக் கூட்டம் கூட்டமாக வந்த மக்கள் கண்ணால் கண்டார்கள்.

இந்த ஆண்டுகளை நாம் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அரை நூற்றாண்டுக்குள் இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அவற்றில் பால்வெட்டியோரில் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். 1922இல் பிரித்தானியர் ஸ்டீவன்சன் திட்டத்தின் மூலம் இவ்விரு நாடுகளின் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியபோது, அதனை உரத்து எதிர்த்த அமெரிக்கர் ஹாவி பயர்ஸ்டோன். 1926இல் ஆபிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரையான நிலத்தைக் குத்தகைக்குப் பெறும் உரிமையை வாங்கித் தானே இறப்பர் பயிரிடத் தொடங்கினார். உழவு இயந்திரத்தைக் காற்று ரயருக்கு மாற்றியதில் முன்னின்றவரும் இவரேதான்.

உலகப் பொருளாதார மந்தத்தினால் 1932இல் இறப்பர் விலை முன்னொருபோதும் காணாத அளவுக்கு வீழ்ந்தது. இலங்கையிலும் மலாயாவிலும் கூலி வெட்டப்பட்டது. தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கார் விற்பனை சரிந்து புதிய சந்தையைத் தேடிக்கொண்டிருந்த ரயர்க் கம்பனிகளுக்கு மலிந்த இறப்பரும் விவசாயியும் ஒருசேரக் கிடைத்தனர். அமெரிக்க விவசாயியின் முதுகெலும்பு தப்பிய அதே காலத்தில்தான் இறப்பர்த் தோட்ட லயங்களில் உலை அணைந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் கூறவரவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியது வரலாற்றின் கடமை என்றே கருதுகின்றேன்.

புதிய இயந்திரம் வாங்க வசதியற்றவர்கள் பழைய இரும்புச் சில்லையே மாற்றினார்கள். கொல்லன் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் இந்த வேலையைச் செய்தன. சில்லின் பல் பொருத்திய வெளிவட்டம் அகற்றப்படும். ஆரக்கால்கள் அளந்து வெட்டிக் குறுக்கப்படும். அவற்றின் நுனிகளில் புதிய றிம் வெல்டிங் செய்யப்படும். பார்வைக்கு எளிய வேலைதான், கணக்கு எளிதன்று. ரயர் பூட்டிய பின்னர் மொத்த உயரம் பழைய சில்லின் உயரத்தை ஒத்திருக்க வேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு கியரிலும் வேகம் மாறிவிடும். றிம்மின் மையமும் குடத்தின் மையமும் ஒன்றாக அமைய வேண்டும். சற்று விலகினாலும் சில்லு ஏறி இறங்கி ஓடும். இரும்புச் சில்லின் எடை போய்விட்டமையால் ரயருக்குள் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றினர். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க அதில் கல்சியம் குளோரைட்டு கரைத்தனர். கசிந்தால் அதே கரைசல் றிம்மை அரித்துத் தின்றது.

பல்கலைக்கழகங்கள் நடத்திய சோதனைகளில் காற்று ரயர் எரிபொருளை மிச்சப்படுத்துவது தெளிவாகியது. 1935இல் அமெரிக்காவில் விற்பனையான புதிய உழவு இயந்திரங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் இறப்பர் ரயருடன் போனது. 1940இல் பத்தில் எட்டுக்கு மேல் அவ்வாறு போயின. பின்னர் போர் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து மலாயாத் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. அமெரிக்காவில் ரயர் பங்கீட்டுப் பொருளாயிற்று. புதிய இயந்திரங்கள் பல மீண்டும் இரும்புச் சில்லுடன் விற்கப்பட்டன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முக்கிய ஊற்று இலங்கையாகியது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று இங்கு அளவுமீறிப் பால் வெட்டப்பட்டது. தொலைதூரத்து வயலொன்றின் சில்லு எந்தெந்த மரத்தோடும் மனிதரோடும் கட்டுண்டு கிடந்தது என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின.

போரின் பின்னர் இயந்திரங்களின் வலு கூடியது, எடையும் கூடியது. இப்போது றிம்மைச் சிறிதாக்கும் வேலை போய், அகலமாக்கும் வேலை வந்தது. இதன் காரணத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. மென்மையான ரயர் நிலத்தின்மீது செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமேயாகும். குறைந்த காற்றழுத்தத்தில் கூடிய பாரத்தைச் சுமக்க வேண்டுமாயின் ரயருக்குள் கூடுதலான காற்றுக்கு இடம் வேண்டும். அதாவது ரயர் பருத்திருக்க வேண்டும். 12.4-28 என்ற ரயரில் முதல் எண் ரயரின் அகலத்தையும் இரண்டாவது றிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். இடத்திற்கு 13.6-28 வாங்கினால் விட்டம் ஒன்றே என்பதால் பழைய றிம்மில் ஏறிவிடும். ஆனால் றிம் அளவுக்கு மீறி ஒடுக்கமாயின் ரயரின் இரு ஓரங்களும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி பூசணிக்காய்போல் உருண்டுவிடும். ஓரத்துப் பற்கள் நிலத்தில் படியா. அகலத்துக்குக் கொடுத்த காசு வீணாகும்.

ஆகவே பட்டறைகளில் றிம்மைச் சுற்றுவட்டமாக இரண்டாக அறுத்து, நடுவில் இரும்புப் பட்டி ஒன்றை வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்தினர். வெல்டிங் சூட்டில் றிம் கோணினால் ரயரின் விளிம்பு சரியாக அமராது, காற்று கசியும். ரயரைக் கழற்றாமல் றிம்மில் வெல்டிங் செய்வதோ உயிராபத்தானது. உள்ளே சூடேறி ரயர் வெடித்து மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள். இதனை வாசிப்பவர்களில் பட்டறை வைத்திருப்போர் எவரேனும் இருந்தால் இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

எமது வயல்களில் நிலைமை வேறு. சேற்று உழவில் ரயரின் அகலம் மட்டும் போதாது. ஆகவே ரயருக்குப் பதிலாகவோ அதன் பக்கத்திலோ இரும்புக் கூண்டுச் சில்லைப் பூட்டுகிறோம். அமெரிக்கர் கைவிட்ட இரும்பு நமது சேற்றில் இன்றும் உழைக்கிறது. சேற்றின் அடியிலுள்ள கடினப் படை நீரைத் தேக்கிவைப்பதால் நெல்லுக்கு அது வேண்டியதே. மேட்டுநிலப் பயிருக்கு அதே கடினப் படை வேரைத் தடுக்கும் சுவராகிவிடும்.

அகன்ற ரயரின் கதையில் இறுதியாகச் சொல்ல வேண்டியதும் அந்தச் சுவரைப் பற்றியதே. 2022இல் தோமஸ் கெல்லர், தானி ஓர் ஆகிய இரு மண் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1958இல் பாரத்துடன் ஏறத்தாழ 4 தொன்னாக இருந்த அறுவடை இயந்திரம், 2020இல் ஏறத்தாழ 36 தொன்னாகியுள்ளது. நிலத்தில் நடமாடிய விலங்குகளில் மிகப் பெரியவையான சோரொபொட் டைனோசர்களின் எடையை அது நெருங்குகிறது. ரயர்கள் அகன்றுகொண்டே வந்தமையால் மேல்மண் மீதான அழுத்தம் பெரிதாக மாறவில்லை. ஆனால் கீழ்மண்ணுக்கு ரயரின் அகலம் தெரியாது. மொத்த எடைதான் தெரியும். அங்கு அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. உலகின் பயிர்நிலத்தில் ஐந்திலொரு பங்கு இந்த ஆபத்துக்கு உள்ளாகியிருப்பதாக அவர்கள் மதிப்பிடுகின்றனர். மேல்மண் இறுகினால் உழுது இளக்கலாம். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகினால் அது பல பத்தாண்டுகளுக்கு மாறாது.

வேரைக் காக்க வேண்டும் என்றுதான் புளோரிடாத் தோட்டக்காரர் பழைய ரயரைச் சில்லில் மாட்டினார். மண்ணைக் காக்க வேண்டும் என்றுதான் பட்டறைக்காரர் றிம்மை அகலமாக்கினார். இருவரும் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அகலம் கூடியதும் அதனைக் காரணங்காட்டி எடையைக் கூட்டினார்கள். சில்லு ஒவ்வொரு முறை மாறியபோதும் சுமை மறையவில்லை. ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது. ஒரு காலத்தில் அந்த இடம் ஹெனரத்கொடைக் கன்றுகளிலிருந்து பெருகிய தோட்டங்களின் லயம். இன்று அது கலப்பைக்குக் கீழேயுள்ள மண்.

பல்லாண்டுகளாக நான் பார்த்த விவசாயப் பக்கங்களில் புதிய இயந்திரம் பற்றிய செய்தியில் குதிரை வலு இருக்கும், விலை இருக்கும்; எடை இருப்பதில்லை. இனிமேல் எழுதுபவர்கள் அதனையும் கேட்டு எழுதட்டும். வாங்குபவர்களும் ரயரின் அகலத்தைப் பார்த்து அமைதியடையாமல், அதன்மேல் எத்தனை தொன் ஏறி நிற்கிறது என்று கேட்கட்டும்.