பீடத்துக்குள் எலும்பு வந்த கதை

திருப்பலி தொடங்கும்போது குருவானவர் முதலில் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். மக்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அவர் பீடத்தருகே போய், குனிந்து அதை முத்தி செய்கிறார். பீடம் கிறிஸ்துவின் அடையாளம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது சரியான காரணம். ஆனால் பழைய லத்தீன் பூசையில் அந்த முத்தியோடு ஒரு செபமும் சொல்லப்பட்டது. இந்தப் பீடத்தில் எந்தப் புனிதர்களின் திருப்பண்டங்கள் இருக்கின்றனவோ, அவர்களுடைய பேறுபலன்களை முன்னிட்டுத் தன் பாவங்களைப் பொறுத்தருளும்படி குருவானவர் தணிந்த குரலில் கேட்பார். வெறும் வார்த்தைக்காகச் சொன்னதில்லை அது. பீடக்கல்லில் வெட்டிய சிறு குழியில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி ஒருவரின் எலும்புத் துணுக்கு மூடி வைக்கப்பட்டிருக்கும்.

செத்தவர் எலும்பை வைத்து அதன்மேல் பூசையா என்ற கேள்வி வெளியாருக்கு மட்டுமல்ல, கத்தோலிக்கர் பலருக்குமே கூச்சம் தருகிறது. எழவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகிவிட்டு வாசற்படி ஏறுகிற ஊர் நம்முடையது. அந்தக் காலத்து ரோமர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். பிணம் தீட்டு. நகரத்துக்குள் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்று அவர்களுடைய ஆதிச் சட்டமான பன்னிரண்டு பலகைகளிலேயே விதி இருந்தது. கல்லறைகள் எல்லாம் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரங்களில். செத்தவருக்கும் இருப்பவருக்கும் நடுவே கோட்டைச் சுவர் நின்றது. அந்தச் சுவரைத் தாண்டி எலும்பு உள்ளே வந்தது எப்படி?

இன்றைய துருக்கியில் இஸ்மிர் என்று பெயர் பெற்றிருக்கும் சிமிர்னாவில் தொடங்குகிறது கதை. கி.பி. 155-ஐ ஒட்டிய ஆண்டுகள். அங்கே ஆயராக இருந்த முதியவர் போலிகார்ப்பைப் பிடித்து, கிறிஸ்துவைப் பழித்துச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றான் ஆளுநன். 86 ஆண்டுகளாகத் தனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவரைத் தான் எப்படிப் பழிப்பது என்று கேட்டு மறுத்துவிட்டார் அவர். விளையாட்டரங்கில் விறகு அடுக்கித் தீ வைத்தார்கள். கடைசியில் கத்தியால் குத்திக் கொன்றார்கள். உடலைக் கிறிஸ்தவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்று ஆளுநனிடம் சிலர் மன்றாடினார்கள். கொடுத்தால், சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரைக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். நூற்றுவர் தலைவன் உடலை எரித்துவிட்டான்.

சிமிர்னா சபையார் இதையெல்லாம் இன்னொரு ஊர்ச் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். அது இன்றும் இருக்கிறது. எரிந்து முடிந்த பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்தோம், அவை எங்களுக்கு விலையுயர்ந்த கற்களைவிடப் பெரியவை, தகுந்த இடத்தில் வைத்தோம், ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடுவோம் என்று அதில் சொல்கிறார்கள். பிறந்தநாள் என்று அவர்கள் குறிப்பது அவர் கொல்லப்பட்ட நாளை. கும்பிடத் தொடங்கிவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: இறைமகன் என்பதால் கிறிஸ்துவை வணங்குகிறோம், அவருடைய சீடர்கள், அவரைப் பின்பற்றியவர்கள் என்பதால் வேதசாட்சிகளை நேசிக்கிறோம். திருச்சபை பிற்காலத்தில் சங்கம் கூட்டிச் சொன்னதன் சாரம் முழுவதும் இந்த ஒரு கடிதத்துக்குள் வந்துவிட்டது என்பேன்.

அந்த எலும்புகள் நோய் தீர்த்ததாகவோ பேயை விரட்டியதாகவோ கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எலிசாவின் எலும்பில் பட்ட பிணம் எழுந்தது, பவுலின் மேனியில் பட்ட கைக்குட்டை நோயாளிகளுக்குக் குணம் தந்தது என்று விவிலியத்தில் உண்டு. சிமிர்னாக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் அவர்கள் அற்புதம் தேடி எலும்பு பொறுக்கப் போகவில்லை. தங்கள் பெரியவரைச் சாம்பலோடு சாம்பலாகப் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அவ்வளவுதான். திருப்பண்டம் பிறந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அற்புதங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை.

இந்த அன்பின் அடியில் இருந்த நம்பிக்கை எதிரிகளுக்கும் நன்றாகப் புரிந்திருந்தது. 177-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். இனி எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதுதான் எண்ணம். உடல் மீண்டும் எழும் என்று நம்புகிறவனுக்கு எலும்பு கழிவல்ல, அது காத்திருக்கும் உடல். தீட்டு என்ற எண்ணம் உடைந்ததற்குக் காரணம் இதுவே.

313-இல் வழிபாட்டுச் சுதந்திரம் வந்ததும் பேரரசர் கான்ஸ்டன்டைன் வேதசாட்சிகளின் கல்லறைகள்மேல் பேராலயங்கள் எழுப்பினார். வத்திக்கான் சரிவில் பேதுருவின் கல்லறை இருந்த இடம் ஆலயம் கட்டத் தோதில்லாதது. மேட்டை வெட்டி, பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி, ஒரு கல்லறைத் தோட்டத்தையே மூடி அங்கேதான் கட்டினார்கள். இடத்தை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உடல் இருக்கும் இடத்துக்கு ஆலயம் போயிற்று. ஆலயம் இருக்கும் இடத்துக்கு உடல் வருவது அடுத்த படி. கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளில் 350-களிலேயே அது நடந்திருந்தது. மேற்கில் அதை நிலைநிறுத்தியவர் மிலான் ஆயர் அம்புரோஸ்.

386-ஆம் ஆண்டு. பேரரசனான இரண்டாம் வாலென்டினியன் சிறுவன். ஆட்சி அவன் தாய் யுஸ்தினாவின் கையில். அவள் கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை ஏற்காத ஆரியக் கொள்கைக்காரி. தன் தரப்பாருக்கு ஓர் ஆலயத்தை விட்டுக்கொடு என்று அம்புரோஸிடம் கேட்டாள், அவர் மறுத்தார். படைவீரர்கள் சூழ்ந்து நின்றார்கள். மக்கள் இரவும் பகலும் ஆலயத்தை விட்டு நகரவில்லை. அவர்கள் சோர்ந்து போகாமலிருக்கப் பாடல் பாடப் பழக்கினார் ஆயர். அந்தக் கூட்டத்தில் அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் இருந்தார்.

அந்த நெருக்கடி தணிந்த சில மாதங்களில், ஜூனில், புதிதாகக் கட்டிய ஆலயத்தை அம்புரோஸ் நேர்ந்தளிக்க வேண்டியிருந்தது. இன்னொரு ஆலயத்தைத் திருப்பண்டங்கள் வைத்து நேர்ந்தளித்தது போல் இதையும் செய்யுங்கள் என்று மக்கள் குரல் கொடுத்தார்கள். வேதசாட்சிகளின் திருப்பண்டம் கிடைத்தால் செய்கிறேன் என்றார். நபோர், ஃபெலிக்ஸ் என்ற வேதசாட்சிகளின் கல்லறை ஆலயத்தில் கிராதிக்கு முன்னால் தோண்டச் சொன்னார். உடனிருந்த குருக்களே பயந்தார்களாம். நல்ல உயரமான இரண்டு ஆண்களின் எலும்புகள் முழுசாகக் கிடைத்தன. கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற வேதசாட்சிகளின் பெயர்களை எப்போதோ கேட்டிருப்பதாக ஊர்ப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோகும் வழியில், கசாப்புக்காரராக இருந்து கண்பார்வை இழந்த செவேருஸ் என்பவர் பாடையின் மேல் விரித்த துணியின் ஓரத்தைத் தொட்டார், பார்வை வந்தது. ஆரியர்கள் ஏளனம் செய்தார்கள். அம்புரோஸ் எல்லாவற்றையும் தன் சகோதரி மார்செல்லினாவுக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திவைப்பது அற்புதமல்ல, பீடம் பற்றிய பகுதி. பீடத்துக்கு அடியில் அம்புரோஸ் தனக்காக ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். தினமும் பலி ஒப்புக்கொடுத்த இடத்திலேயே குருவானவர் உறங்குவது முறை என்பது அவர் எண்ணம். இப்போது அதில் வலப்பக்கத்தை வேதசாட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தார். எல்லாருக்காகவும் பாடுபட்டவர் பீடத்தின்மேல். அவருடைய பாடுகளால் மீட்கப்பட்டவர்கள் பீடத்தின்கீழ். கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்களைப் பலிபீடத்தின் அடியில் கண்டதாகத் திருவெளிப்பாடு நூல் சொல்லும் காட்சிக்கு மிலானில் கல்லிலேயே உருவம் கிடைத்தது. பீடத்தில் திருப்பண்டம் வைப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. அம்புரோஸ் 397-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். 1871-இல் பீடத்தின் கீழிருந்த கல்பேழையைத் திறந்தபோது உள்ளே மூன்று எலும்புக்கூடுகள் சேர்ந்தே இருந்தன.

அதே 386-இன் தொடக்கத்தில் பேரரசர் தியோதோசியுஸ் ஒரு சட்டம் போட்டிருந்தார்: அடக்கம் செய்த உடலை வேறிடத்துக்கு மாற்றக் கூடாது, வேதசாட்சியை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சட்டம் வந்தது என்றால் அதற்கு முன்பே சந்தை இருந்தது என்று பொருள். ஊர் ஊராகத் திரிந்து வேதசாட்சிகளின் உறுப்புகள் என்று எதையோ விற்ற போலித் துறவிகளை அகுஸ்தினாரும் கண்டித்திருக்கிறார்.

உரோமை நெடுங்காலம் எலும்பைத் தொடவே விடவில்லை. 594-இல் பேரரசி கான்ஸ்டன்டீனா பவுலின் தலையைக் கேட்டு எழுதியபோது, திருத்தந்தை முதலாம் கிரகோரி மறுத்துவிட்டார். கல்லறைமேல் வைத்து எடுத்த துணியைத்தான் நாங்கள் கொடுப்போம் என்று விளக்கி, பவுலைப் பூட்டியிருந்த சங்கிலியை அராவிக் கொஞ்சம் இரும்புத்தூள் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். தொட்டு எடுத்த துணியும் திருப்பண்டம்தான் என்ற வழக்கம் மேற்கில் வேரூன்றியது இப்படித்தான். ஆனால் 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம், திருப்பண்டம் இல்லாமல் ஆலயத்தை நேர்ந்தளிக்கும் ஆயரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு ஆலயத்துக்கும் ஒரு துணுக்கு வேண்டும் என்றானபின் எலும்பு பிரிவதை யார் தடுப்பது?

அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளின் திருட்டும் வியாபாரமும் ஊரறிந்த கதை. 828-இல் நற்செய்தியாளர் மாற்குவின் உடலை வெனிஸ் வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்திப் போனார்கள். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விற்பனையை மறுபடி தடை செய்தது. 1543-இல் சீர்திருத்தவாதி கால்வின் ஊர் ஊராகப் பட்டியல் போட்டு, ஒரே புனிதருக்கு எத்தனை உடல் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. 1563-இல் திரிதெந்து சங்கம் வணக்கத்தைக் காத்தது. மூடநம்பிக்கையையும் பண ஆசையையும் அகற்றச் சொன்னது. ஆயரின் ஒப்புதல் இல்லாமல் புதிய திருப்பண்டம் எதையும் ஏற்கக் கூடாது என்றது.

இன்று ஆலயத் திருநாளில் முத்தி செய்ய நீட்டுகிறார்களே, அந்தப் பேழையை அருகில் பார்த்தால் இந்த வரலாற்றின் தழும்பு தெரியும். பேழையின் நடுவே காசு அளவில் ஒரு வட்டச் சிமிழ், முகப்பில் கண்ணாடி. உள்ளே சிவப்புப் பட்டின்மேல் ஒட்டிய, கடுகைவிடச் சற்றே பெரிய துணுக்கு; கீழே பொடி எழுத்தில் லத்தீனில் புனிதரின் பெயர். திருப்பினால் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நூல், நூலின்மேல் அரக்கு முத்திரை. நூல் அறுந்தாலோ முத்திரை உடைந்தாலோ அதன் உண்மைக்கு உத்தரவாதம் போய்விடும். கூடவே முத்திரையிட்டவரின் கையொப்பத்தோடு ஒரு சான்றிதழும் இருக்க வேண்டும். விற்பது அறவே ஆகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் எண் சொல்கிறது.

சிமிழும் முத்திரையும் இல்லாமலே சிமிர்னாவின் வழக்கம் நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைப்பணியாளர் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அங்கே போகிறவர்கள் இன்றும் அந்தச் செம்மண்ணை முடிந்து எடுத்து வருகிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில், கிறிஸ்தவத்தைத் தழுவிய தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியதை ஊரார் தேடி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குக் கொண்டுபோய், பீடத்தருகே அடக்கம் செய்தார்கள். திருத்தந்தை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2022 மே 15 அன்று. எலும்பு பொறுக்கப் போனவர்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை.

பீடத்துக்குள் துணுக்கு வைக்கும் முறை 1977-இல் திருத்தப்பட்டது. ஆலய நேர்ந்தளிப்புக்கான புதிய சடங்கு நூலின்படி, திருப்பண்டத்தைப் பீடத்தின்மேலோ மேசைப் பலகைக்குள்ளோ பதிக்கக் கூடாது. மிலானில் செய்ததுபோல் அடியில்தான் வைக்க வேண்டும். அதுவும் மனித உடலின் பகுதி என்று பார்த்தாலே தெரியும் அளவில் இருக்க வேண்டும். கடுகுத் துணுக்கு இனிப் பீடத்துக்குப் போதாது. உண்மைதானா என்று ஐயமிருந்தால் வைக்கவே வேண்டாம். திருப்பண்டம் இல்லாமலே பீடத்தை நேர்ந்தளிப்பது மேல் என்கிறது அந்த நூல்.