விழித்திருக்கும் ஒருவர்: அமெரிக்கச் சிற்றூர் வானொலியும் அதன் உடைமையாளர்களும்

2002-ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குச் சற்றுப் பின்னர், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள மைனாட் நகரை ஒட்டிச் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. 31 பெட்டிகள் கவிழ்ந்தன. அவற்றுள் ஐந்து கொள்கலன்கள் பிளந்து, அம்மோனியா நச்சுப்புகை வெண்மேகமாய் ஊரின் மேல் படர்ந்தது. ஒருவர் இறந்தார், முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பல வீடுகளில் மின்சாரமும் இல்லை. வீட்டை விட்டு ஓடுவதா, கதவுகளை அடைத்து உள்ளேயே இருப்பதா என்று அறியாத மக்கள், இத்தகைய வேளையில் எவரும் செய்வதைச் செய்தனர்: வானொலியைத் திருப்பினர். அதில் வழக்கமான நிகழ்ச்சிகளே ஒலித்துக்கொண்டிருந்தன.

மைனாட்டில் அப்போது வணிக வானொலி நிலையங்கள் ஆறு இருந்தன. ஆறும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். தொலைபேசியில் அழைத்தும் நிலையத்தில் எவரையும் பிடிக்க இயலவில்லை என்றது காவல்துறை. பணியாளர் ஒருவர் இருந்தார், ஊரே ஒரே நேரத்தில் அழைத்ததால் இணைப்புகள் அடைபட்டன, காவல்துறையின் அவசர அறிவிப்புக் கருவியே சரிவர நிறுவப்படவில்லை என்றது நிறுவனம். இரண்டு கூற்றுகளிலும் உண்மை இருக்கக்கூடும். எனினும், கருவி பழுதானாலும் கதவைத் தட்டி எழுப்பத்தக்க ஒருவர் நிலையத்தில் இருப்பார் என்ற பழைய நம்பிக்கை அன்றிரவு உடைந்துபோனது. உள்ளூர் வானொலி என்பது கோபுரமும் கருவிகளும் மட்டுமல்ல, ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் ஒருவர் என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டது.

இந்நிலைக்கு அந்நாடு வந்து சேர்ந்த பாதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

காற்றலைகள் பொதுச்சொத்து, அவற்றைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தனியாருக்கு என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் அந்த உரிமம் யாருக்கு என்ற கேள்வியில் வணிகத்தின் கை தொடக்கத்திலேயே ஓங்கிவிட்டது. 1927-இல் அமைந்த மத்திய வானொலி ஆணையம் அடுத்த ஆண்டே அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தது. பெரும் ஆற்றல் கொண்ட நிலையங்களுக்கு நல்ல இடங்கள் கிடைத்தன. பல்கலைக்கழகங்களும் பிற அமைப்புகளும் நடத்திவந்த எளிய நிலையங்கள், பகிர்ந்துகொள்ளும் நேரமும் பலவீனமான அலைவரிசையும் மிஞ்ச, ஒவ்வொன்றாய் மங்கின. நான்கில் ஒரு பங்கை லாபநோக்கற்றவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று 1934-இல் செனட் சபையில் வந்த திருத்தம் தோற்றது. பண்பலை பிறந்த பின்னரே, 1945-இல், அதன் கீழ்ப்பகுதி கல்வி ஒலிபரப்புக்கு என ஒதுக்கப்பட்டது.

அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே, வணிகப் பகுதியிலேயே ஒரு விந்தையான முயற்சி தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவரான லூயிஸ் ஹில், 1949 ஏப்ரலில் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது, அரசுப் பணம் கிடையாது, கேட்பவர்களே சந்தா செலுத்துவர். கேட்கத்தான் யாரும் காசு கேட்பதில்லையே, பின் எவர் கொடுப்பார் என்று நகைத்தோர் பலர். ஆனால் கொடுத்தார்கள். நேயர் ஆதரவில் நடக்கும் அமெரிக்க வானொலி மரபு அங்கே வேர்பிடித்தது.

இங்கே ஒரு முரணைக் காண்கிறோம். வணிகப் பகுதியில் அமைந்ததாலேயே அந்த அலைவரிசையின் சந்தை மதிப்பு ஆண்டுதோறும் ஏறியது. 1999-இல், நிலையத்தை நடத்திய பசிபிகா அறக்கட்டளையின் தேசிய நிர்வாகக்குழுவிலேயே நிலையங்களுள் ஒன்றை விற்பது பற்றிய பேச்சு எழுந்து வெளியே கசிந்தது. ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர், கதவுகள் பூட்டப்பட்டன. பெர்க்லி வீதிகளில் பத்தாயிரம் பேர் வரை ஊர்வலம் சென்ற பின்னரே நிலையம் மீண்டது. லாபநோக்கற்ற அமைப்பு என்பதால் மட்டும் ஒரு வானொலி ஊருக்குச் சொந்தமாகிவிடாது. விற்கத்தக்க பொருளாய் அது இருக்கும்வரை, விற்க நினைப்பவரும் ஒருநாள் வருவார்.

மற்றொரு முரணும் உண்டு. பத்து வாட் ஆற்றல் கொண்ட சிறு நிலையங்களுக்கு 1948 முதல் வழங்கப்பட்டுவந்த உரிமத்தை 1978-இல் நிறுத்தச் செய்ததில் வணிக நிறுவனங்களைவிடப் பொது ஒலிபரப்புத் துறையினருக்கே பங்கு அதிகம். வளர்ந்த நிலையங்களுக்கு இடம் தேவைப்பட்டது; சிறியவை இடைஞ்சலாய்த் தோன்றின. பெரியோர் சிறியோரை நெருக்குவதற்கு லாபம் மட்டுமே காரணமன்று என்பதை நாம் மறக்கலாகாது.

பெருவெள்ளம் 1996-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை முற்றிலும் அகற்றியது. பெரிய நகரங்களில் ஒருவரே எட்டு நிலையங்கள்வரை வைத்திருக்கவும் அனுமதித்தது. அதற்கு முன் நாற்பது நிலையங்களே உச்சம். சில ஆண்டுகளில் கிளியர் சேனல் வசம் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஓர் ஊரில் பேசிப் பதிவுசெய்த குரல், பல ஊர்களில் உள்ளூர்க் குரல்போல் ஒலித்தது. செலவு குறைந்தது. இரவுப் பணியாளர் தேவையற்றவரானார். மைனாட்டின் அந்த இரவு இந்தக் கணக்கின் கடைசி வரி.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் அசைவு இருந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், அரசுக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த பார்வையற்ற கறுப்பினத்தவரான எம்பானா கன்டாகோ, 1987-இல் ஒரு வாட்டுக்கும் குறைந்த கருவியால் உரிமமின்றி ஒலிபரப்பத் தொடங்கினார். சில நூறு வீடுகளுக்கே கேட்கும்; அவருக்கு அதுவே போதும். அவரைப் பின்பற்றி நாடெங்கும் உரிமமற்ற நிலையங்கள் முளைத்தன, மூடப்பட்டன, மீண்டும் முளைத்தன. ஃபிலடெல்ஃபியாவில் அவ்வாறு மூடப்பட்ட நிலையமொன்றின் நண்பர்கள் 1998-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினர். தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மாந்தருக்கு அளித்த கிரேக்கப் புராண நாயகனின் பெயரால் அதற்குப் பிரமீதியஸ் வானொலித் திட்டம் என்று பெயரிட்டனர்.

அடக்கமுடியாததை முறைப்படுத்துவதே நன்று என்று கருதிய மத்திய தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் வில்லியம் கென்னார்டின் முயற்சியால், 2000 ஜனவரியில் குறைந்த ஆற்றல் பண்பலை என்ற புதிய உரிமம் பிறந்தது. உச்சம் 100 வாட். எட்டும் தூரம் ஐந்தாறு கிலோமீட்டர். வணிக ஒலிபரப்பாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அலைகள் மோதி இரைச்சல் எழும் என்று குறுந்தகடு ஒன்றைத் தயாரித்துக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் கொடுத்தது. அது தவறான சித்திரம் என்று ஆணையத்தின் பொறியாளர்கள் மறுத்தனர். தேசியப் பொது வானொலியும் இந்த எதிர்ப்பில் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே காங்கிரஸ் நிபந்தனைகளை இறுக்க, நெருக்கமான நகரங்களில் புதிய நிலையங்களுக்கு இடமில்லாது போயிற்று. 2003-இல் வெளியான சுயேச்சையான ஆய்வு, அஞ்சிய அளவுக்கு இடையூறு இல்லை என்று கண்டது. ஆயினும் சட்டம் திருந்த 2011 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 2013-இல் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது 2,800-க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. பற்றாக்குறை என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி காற்றில் இல்லை, ஏட்டில்தான் இருந்தது.

தப்பிப் பிழைத்த அந்தச் சிறு நிலையங்கள் என்ன செய்தன? ஃபுளோரிடாவின் இம்மொகாலியில் தக்காளித் தோட்டத் தொழிலாளர் கூட்டமைப்பு 2003-இல் தன் நிலையத்தைத் தொடங்கியது. ஸ்பானியத்திலும் ஹெய்ட்டி கிரியோலிலும் பூர்வகுடி மொழிகளிலும் கூலியையும் உரிமையையும் பற்றி அது பேசியது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் மிசிசிப்பிக் கரையைச் சிதைத்தபோது, பே செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூரின் குறைந்த ஆற்றல் நிலையம் ஓயாமல் ஒலித்தது. தண்ணீர் எங்கே, உணவு எங்கே, உறைவிடம் எங்கே என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. மைனாட்டில் கிடைக்காத குரல் அங்கே கிடைத்தது.

பெருநிறுவனங்களின் கதையும் வெற்றியில் முடியவில்லை. 2008-இல் கடன்வாங்கிக் கைமாறிய கிளியர் சேனல், ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டு, 20 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடனுடன் 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. மறுசீரமைப்புக்குப் பின் மீண்டு வந்ததும் 2020-இல் மேலும் பல உள்ளூர்க் குரல்களை வேலையிலிருந்து நீக்கியது. ஊடக உடைமை விதிகளைத் தளர்த்துவதற்கு எதிராக 2003 முதல் வழக்காடி, பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாணையத்தையே தடுத்துநிறுத்திய பிரமீதியஸ் அமைப்பு, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2025 ஜூலையில் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கான 1.1 பில்லியன் டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிற்றூர் நிலையங்கள் பலவற்றுக்கு அது பேரிடி. விற்பவன், வாங்குபவன், மானியம் தருபவன் என எவரும் ஊரின் குரலுக்கு நிரந்தரக் காவலரல்லர்.

எனில் எது காவல்? குறைந்த ஆற்றல் உரிமத்தின் நிபந்தனைகளை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பெறுபவர் லாபநோக்கற்ற உள்ளூர் அமைப்பாக இருக்கவேண்டும், லாபத்துக்கு விற்கலாகாது, நிலையங்களைக் குவிக்கலாகாது. வறண்ட வரிகள்தாம். ஆனால் மைனாட்டின் ஆறு நிலையங்களும் ஒரே கைக்குச் சென்றது இத்தகைய தடை இல்லாமையால். பெர்க்லியில் வீதிக்கு இறங்க நேர்ந்ததும் அதனாலேயே. நல்லோரின் நெஞ்சில் வைக்கும் நம்பிக்கையைவிட விற்கமுடியாத உரிமம் உறுதியானது.

அத்தகைய நிலையங்கள் இன்று அந்நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் உண்டு. பலவற்றில் ஊதியம் பெறுவோர் எவருமில்லை. எனினும் அவற்றுள் ஏதோ ஒன்றில், இந்நேரம், யாரோ ஒருவர் தொலைபேசிக்கு அருகில் அமர்ந்திருக்கக்கூடும். ஊர் உறங்குவது அவரை நம்பியே.