ரெய்க்யவிக் நகர வெந்நீர் வழங்கல்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில், நிலத்தடியிலிருந்து எடுத்த வெந்நீரைக் குழாய் வழியே வீடுவீடாகச் செலுத்தி அறைகளைச் சூடாக வைக்கும் பொது ஏற்பாடு. 1930-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கி, இன்று ஏறக்குறைய நகரம் முழுவதையும் எட்டியிருக்கிறது. நமக்கு வெந்நீர் என்றால் குளியல்தான் நினைவுக்கு வரும். ஜூலையிலும் சராசரி வெப்பநிலை 12 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் அந்த ஊரில் அது அடுப்பு, விறகு, கணப்பு எல்லாமும்.

‘ரெய்க்யவிக்’ என்றால் புகை விரிகுடா. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய இங்கோல்ஃபுர் அர்னார்சன், வெந்நீரூற்றுகளிலிருந்து எழுந்த ஆவியைப் புகையென்று எண்ணி இப்பெயர் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டு கழித்து வேறு விதத்தில் பொருந்தியது: இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கப்பலில் வந்திறங்கிய நிலக்கரியை எரித்தே ஊர் குளிர்காய்ந்தது; காற்றில்லாத நாட்களில் கரும்புகை கூரைகளின் மேல் கவிந்து கிடந்தது. வெந்நீரோ ஊருக்கு அருகிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த நீரை முதலில் பயன்படுத்தியவர்கள் துணி துவைத்த பெண்கள். நகரிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவிலிருந்த ஊற்றுகளுக்கு அழுக்குமூட்டையும் வாளியும் துவைபலகையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்து போவார்கள். திரும்பும்போது ஈரத்துணியின் பாரமும் சேரும். அவர்களுக்காக 1885-இல் போடத் தொடங்கிய பாதைதான் லோய்கவேகுர், அதாவது ஊற்றுச்சாலை. இன்று அது நகரின் முதன்மையான கடைத்தெரு. கொதிக்கும் ஊற்றில் தவறி விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. 1902-இல்தான் அதன்மேல் இரும்புக் கம்பித் தடுப்பு அமைத்தார்கள். வெந்நீர் இருக்குமிடத்துக்கு மனிதர்கள் நடந்தார்களே ஒழிய, நீரை ஊருக்குள் நடத்திவர வேண்டும் என்று நகரத்துக்குத் தோன்றப் பல காலமாயிற்று.

ஒரு விவசாயிக்கு அது முன்பே தோன்றிவிட்டது. ஸ்டெஃபான் யோன்சன் என்பவர் 1908-இல் நகருக்கு வெளியே மொஸ்ஃபெல்ஸ்வெய்ட் பகுதியில் ஊற்றுநீரைக் குழாய்வழி கொண்டுவந்து தம் வீட்டைச் சூடாக்கினார். நகர நிர்வாகம் 1928-இல் துவைதுறை ஊற்றுகளருகே துளையிடத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த துளைக்கருவி, ஊருக்குள் தங்கம் இருக்கிறதென்று நம்பி வாங்கப்பட்டது. தங்கம் கிடைக்கவில்லை, ‘தங்கத் துளைக்கருவி’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அது போட்ட 14 துளைகளிலிருந்து நொடிக்கு 14 லிட்டர் வீதம், 87 பாகைச் சூட்டில் நீர் வந்தது. 3 கி.மீ. குழாய் பதித்து, 1930-இல் முதலில் ஒரு பள்ளிக்கும், பிறகு மருத்துவமனைக்கும் உள்ளரங்க நீச்சல்குளத்துக்கும் சுமார் 70 வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள்.

நகரம் முழுமைக்கும் அது போதாது. மொஸ்ஃபெல்ஸ்வெய்ட்டின் ரேய்கிர் ஊற்றுகளிலிருந்து பெரிய குழாய்ப்பாதை அமைக்கும் வேலையை ஒரு டேனிஷ் நிறுவனம் எடுத்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் பொருள்வரத்து நின்றுபோனது. ஆகவே 1943 இறுதியில்தான் நீர் ஓடியது. 1945 முடிவில் 2,850 வீடுகள் இணைந்திருந்தன. அடுத்த கால் நூற்றாண்டில், நகருக்குள்ளேயே ஆழ்துளைகள் இட்டு, பம்பு வைத்து இறைத்து, மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாட்டின் மற்றப் பகுதிகள் அப்போதும் எண்ணெயைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அரசு விழித்துக்கொண்டது. தலைநகரை அடுத்த கோபவோகுர், ஹப்னர்ஃபியோர்துர் போன்ற ஊர்களுக்கும் குழாய் நீண்டது. இன்று ஐஸ்லாந்தின் வீடுகளில் பத்துக்கு ஒன்பது புவிவெப்பத்தால் சூடாகின்றன. கரியுமிழ்வைக் குறைக்கும் அக்கறையில் விளைந்த சாதனையாக இதை இப்போது பாராட்டுகிறார்கள். உண்மையில் இறக்குமதிச் செலவே அவர்களை அதில் இறக்கியது.

இறைக்க இறைக்க ஊற்றுகளின் நீர்மட்டம் தாழ்ந்தது. அதை ஈடுகட்ட 1990-இல் நெஸ்யவெட்லிர் நிலையம் வந்தது. அங்கே நிலத்தடி நீராவியைக் கொண்டு குளிர்ந்த நன்னீரைச் சூடாக்கி 27 கி.மீ. தொலைவு அனுப்புகிறார்கள், வழியில் இழக்கும் சூடு 2 பாகைக்கும் குறைவு. ஆனால் புதுநீரைப் பழைய நீரோடு கலந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒன்றில் மெக்னீசியம், மற்றதில் சிலிக்கா. இரண்டும் சேர்ந்து குழாய்க்குள் படிவாகி அடைத்துக்கொண்டன. அதனால் நகரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஊற்றுநீர், மற்றொரு பகுதிக்குச் சூடாக்கிய நீர் என்று தனித்தனியே விடுகிறார்கள். விருந்தினர் முகம் சுளிக்கும் அழுகிய முட்டை வாசனை, நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடால் வருவது. அதே வாயு நீரிலுள்ள ஆக்சிஜனை நீக்கிக் குழாய் துருப்பிடிக்காமல் காக்கிறது.

வீட்டைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் நீரில் 35 பாகையளவு சூடு மிஞ்சியிருக்கும். அதை நடைபாதைக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். வெந்நீரைச் சேமித்து வைக்க நகரின் குன்றொன்றின்மேல் ஆறு பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றும் 40 லட்சம் லிட்டர் கொள்ளளவில் எழுப்பப்பட்டன. 1991-இல் அவற்றின் தலைமேல் கண்ணாடிக் குவிமாடம் கட்டி ‘பெர்லான்’, அதாவது ‘முத்து’, என்று பெயரிட்டார்கள்.

புவிவெப்பம் முற்றிலும் மாசற்றதன்று. நீராவியோடு கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப நிலையத்தில் அதை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சோதனைக்காகச் செலுத்தியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் கல்லாகிவிட்டதாக 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

வெந்நீரூற்று இல்லாத நகரங்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது குழாய் வலையமைப்பை மட்டுமே. கோபன்ஹேகன் தன் வீடுகளைக் குப்பை எரிப்பு, மின்நிலையக் கழிவு வெப்பம் ஆகியவற்றால் பெரும்பாலும் இதே முறையில் சூடாக்குகிறது. ஆனால் குழாய் அறுந்தால் ஊர் உறைந்துவிடும். 2024 பிப்ரவரி 8 அன்று ரெய்க்யவிக்குக்குத் தென்மேற்கே ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் எரிமலைக் குழம்பு வெந்நீர்க் குழாயொன்றின்மேல் பாய்ந்தது; 20,000-க்கும் மேற்பட்டோர் நடுக்குளிர்காலத்தில் சில நாட்கள் வெந்நீரின்றி இருந்தனர்.