தூத்துக்குடித் துறையும் உழைப்பவர் பங்கும்

 

ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. நமது மஹல்லாவைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு முட்டை ஏற்றிய கன்டெய்னர் வண்டியைக் கொண்டு செல்கிறார் என அறிந்து அவருடனேயே புறப்பட்டேன். அப்பயணத்தில் கண்டவையும், திரும்பி வந்து நூல்களில் தேடிப் படித்தவையுமே இக்கட்டுரை.

நமது சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடல் இல்லை. ஆயினும் நம் பிழைப்பில் பெரும்பகுதி கடலை நம்பியே இருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முட்டை வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் கப்பலேறுகிறது. நம் மக்களில் பலர் லாரி உரிமையாளர்கள். அதைவிடப் பலர் லாரி ஓட்டுநர்கள். தூத்துக்குடி என்றால் அவர்களுக்கு லோடு இறக்கும் இடம், அவ்வளவே. அந்த ஊரின் மண்ணில் நமக்குப் பாடமாகக் கூடிய ஒரு நெடிய வரலாறு புதைந்து கிடக்கிறது என்பதை நானும் இப்பயணத்திற்கு முன் அறிந்தேனில்லை.

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடக்கும்போது இரவு பத்து மணி. கரூர், திண்டுக்கல், மதுரை கடந்து, அருப்புக்கோட்டைக்கு அப்பால் கரிசல் காட்டில் பொழுது விடிந்தது. எட்டயபுரமும் பின்தங்கியது. ஊரை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பும் வெக்கையும் கலந்து வீசின. இருபுறமும் உப்பளங்கள் வெண்மையாக விரிந்தன. உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்திற்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு உரியது. காலை ஏழு மணிக்கே கண் கூசும் அந்த வெண்மையின் நடுவில், வெறுங்காலுடன் ஆண்களும் பெண்களும் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். மழை மாதங்களில் அவர்களுக்கு இவ்வேலையும் இல்லை.

துறைமுக வாயிலுக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நின்றன. தேநீர் அருந்துகையில் ஓட்டுநரிடம், எப்போது ஊர் திரும்புவீர் என்று கேட்டேன். "முட்டைய எறக்கிட்டாலும் திரும்ப லோடு கெடைக்கணும் ஹஜ்ரத். ஒரு நாளும் ஆகலாம், மூணு நாளும் ஆகலாம். நிக்கிற நாளுக்குப் பேட்டா கெடையாது. ஓடுனாத்தான் காசு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்பதைப் போல இயல்பாகச் சொன்னார். தேநீருக்கு நான் பணம் எடுப்பதற்குள் அவரே கொடுத்துவிட்டார். அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பின் நூல்களைப் புரட்டியபோதும் அவர் சொல்லே முன்னால் நின்றது. இத்துறையின் செல்வத்தில் உழைத்தவருக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்ற கேள்வியுடனேயே அதன் வரலாற்றைப் படித்தேன்.

இக்கரையின் தொன்மையான துறை கொற்கை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் பாண்டியரின் துறையாக விளங்கிய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் இன்று பல கிலோமீட்டர் உள்ளே சிற்றூராக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயணக் குறிப்பு, இங்கு முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகிறது. ரோமாபுரிச் சீமாட்டிகள் வரை புகழ்பெற்ற முத்து, கைதிகளின் மூச்சில் எடுக்கப்பட்டது. அவர்களுக்குப் பங்கு என்ற பேச்சே எழவில்லை.

கொற்கைக்குப் பின் சிறந்தது காயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் செல்கையில் பழையகாயல் என்னும் ஊர் வருகிறது. 1290-களில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகளுடன் கப்பல்கள் வந்து சேரும் பெருநகரமாகக் காயலை வர்ணிக்கிறார். முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதுகிறார். நீரில் மூழ்கியவருக்குக் கூலி. கரையில் நின்று மந்திரம் சொன்னவருக்குப் பங்கு!

அக்காலத்தில் பாண்டிய நாட்டிற்கு ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு குதிரைகள் இறக்குமதி செய்ய ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியனின் கருவூலமே விலை தர வேண்டும் என்பது அவ்வொப்பந்தத்தின் விதி. இவ்வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னனின் அமைச்சராகவும் காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பாளராகவும் இருந்தார். ஓர் இந்து மன்னன் தன் துறைகளை ஒரு முஸ்லிமின் பொறுப்பில் ஒப்படைத்தான் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தி. நம்பிக்கையின் மீது எழுந்த வணிகம் அது.

ஆனால் வரலாற்றில் பெருமை மட்டும் இருப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் ஆதாயம் யாருக்கு என்பதில் பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே பூசல் முற்றியது. 1530-களில் பரவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். நேற்றுவரை ஒரே கடலில் பிழைத்தவர்கள் இரு அணிகளாயினர். இடையில் புகுந்த அந்நியர் கடலுக்கே உரிமை கொண்டாடினர். இதனை எழுதும்போது அந்நியரின் சூழ்ச்சியை மட்டும் சொல்லி நம்மவரின் பேராசையை மறைப்பது நேர்மையாகாது. பங்கு ஒழுங்காகப் பிரிக்கப்படாத இடத்தில் மூன்றாமவன் நுழைவான் என்பதே அந்நிகழ்வு தரும் பாடம்.

போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு என்ற முறை வழங்கியது. 1961-ஆம் ஆண்டுடன் முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. 'முத்துநகர்' என்னும் பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

1876-இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கப்படும் வரை கொழும்புக்குச் செல்வோர் இங்கிருந்தே நீராவிக் கப்பல் ஏறினர். அக்கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்னும் ஆங்கிலக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. அதனை எதிர்த்து ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார்.

இங்கே நாம் நிறுத்தி நினைக்க வேண்டிய ஒரு பெயர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. ஆங்கில அரசின் பகை வருமென்று தெரிந்தே ஒரு வணிகர் இவ்வளவு பெருந்தொகையை முதலாக இட்டார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் ஆசை காட்டியது.

கப்பலோட்டிய வ.உ.சி. தம் கப்பலை மட்டும் எண்ணியிருக்கவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். வ.உ.சி.க்கு முதலில் விதிக்கப்பட்டவை இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. 'காலியா' கப்பல் எதிரிக் கம்பெனியிடமே விற்கப்பட்டிருந்தது. பங்குதாரர்களுக்குப் பெரும் இழப்பு.

சிறையில் தொழுநோய் பற்றிய சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தை எங்கே கழித்தார் தெரியுமா? அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். தூத்துக்குடி மில் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த பெருமகன் நம் பக்கத்து மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இனி நாம் கேட்க இயலாது.

சுதந்திரத்திற்குப் பின் தூத்துக்குடி தொழில் நகரமாயிற்று. கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் முன்பு பெரிய கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைச் சுமந்தன. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் எழுப்பிப் புதிய துறைமுகம் அமைத்தனர். 1974 ஜூலை 11 அன்று அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1970-களில் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் எழுந்தன.

தொழில் வளர்ந்தபோது பழைய கேள்வியும் புது வடிவில் எழுந்தது. 1990-களில் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையால் காற்றும் நீரும் கெடுவதாக மக்கள் நெடுங்காலம் போராடினர். போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றைய காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதம் 28-இல் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. 2024-இல் உச்சநீதிமன்றமும் ஆலை நிர்வாகத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆலையால் பிழைத்தவர்களும் அந்நகரில் உண்டு. அவர்களின் வேலை போனதும் உண்மை. ஆதாயம் ஓரிடம் சேர, புகை மட்டும் அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதே அம்மக்களின் முறையீடு.

நிக்காஹ் முடிந்து நான் பேருந்தில் ஊர் திரும்பினேன். ஓட்டுநர் அதற்கு இரண்டு நாட்களுக்குப் பின்னரே வந்து சேர்ந்தார். அந்த இரண்டு நாட்களும் வண்டியின் நிழலில் சமைத்து உண்டு, அதன் அடியிலேயே உறங்கியிருக்கிறார். வண்டியையும் பொருளையும் காவல் காத்திருக்கிறார். அது வேலை இல்லையென்றால் வேறு எது வேலை?

என் குறையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஜகாத்தைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். ஆனால் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளியிடமும், பின் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரிடமும், நிற்கும் நாளுக்குக் கூலி உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தருமம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கூலி உழைத்தவரின் உரிமை. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை ஈடுகட்ட முடியாது. லாரித் தொழிலில் உரிமையாளருக்கும் தவணை, டீசல், சுங்கச்சாவடி என்று சுமைகள் உண்டு என்பதை அறிவேன். எனினும் இறந்த குதிரைக்குக்கூட விலை தர ஒப்புக்கொண்ட வணிகம் இந்நாட்டில் நடந்திருக்கிறது. காத்திருக்கும் மனிதனுக்கு ஒரு நாள் பேட்டா தருவது நம்மால் இயலாத காரியமா?

இம்மலரின் பிற்பக்கங்களில் நமது ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு ரூபாய், பைசா வரை அச்சிடப்பட்டிருக்கிறது. அதனை ஒவ்வொருவரும் சரிபார்ப்பீர்கள், சரிபார்க்கவும் வேண்டும். அதே கண்ணோடு நம் பண்ணைகளின், பட்டறைகளின், வண்டிகளின் கணக்கையும் ஒருமுறை பார்ப்போமாக. கொற்கையைக் கடல் கைவிட்டது, காயலையும் கைவிட்டது. செல்வம் ஒரு துறையிலேயே நிலைத்திருப்பதில்லை. அது நம் கையில் இருக்கும் காலத்தில் உரியவருக்கு உரிய பங்கைக் கொடுத்தோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.