பூவோடு நிற்கும் பிள்ளை: பூக்ரோவின் ஓவியங்களும் நம் வீட்டுப் படங்களும்

வில்லியம் பூக்ரோ என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அவரது படத்தின் சாயலில் ஒன்றை எங்காவது ஒரு பழைய கலண்டரில் கண்டிருப்போம். வெறுங்காலோடு ஒரு கிராமத்துச் சிறுமி, கையில் காட்டுப்பூக்கள், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள்.

1825இல் லா றொஷேல் என்ற துறைமுக நகரில் பிறந்தவர் பூக்ரோ. 1850இல் பிரான்சின் ஓவிய மாணவர்களுக்கான உயர்ந்த பரிசான ரோம் பரிசை வென்றார். முதலில் பென்சிலால் பலமுறை வரைந்து பார்ப்பது, பிறகு தூரிகைத் தடம் தெரியாதபடி மெல்லிய வர்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவது என்பதே அந்தக் கலைக்கழக மரபு. கூப்பில் என்ற வணிக நிறுவனம் அவரது படங்களை விற்றது. அமெரிக்கச் செல்வந்தர்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள். புல்தரையில் இரு சிறுமிகள் கிடக்கும் 1882ஆம் ஆண்டுப் படம் இன்று டெட்ரோயிற்றில் இருக்கிறது. 1884இல் வரைந்த 'பூமுடி' மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவை பொய்ப் படங்கள் என்பார்கள் விமர்சகர்கள். மில்லே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களுக்கு முதுகு வளைந்திருக்கிறது. பூக்ரோவின் சிறுமிகளின் பாதத்திலோ சேறுகூட இல்லை. வாங்குபவரின் மனதை உறுத்தாத ஏழ்மை அது. குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் அறிக்கைகளின் அட்டையில் நம் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு மறுபக்கமும் தெரியும். அங்கே விலைபோவது அழுக்கும் கண்ணீரும்.

பூக்ரோவுக்குப் பிள்ளைகள் ஐவர். நால்வரை அவரே அடக்கம் செய்தார். 1866இல் மகள் ஜான், 1875இல் பதினாறு வயது ஜோர்ஜ். 1877இல் மனைவி நெல்லியும் கைக்குழந்தையும் இரண்டு மாத இடைவெளியில். 1900இல் மகன் போல். ஜோர்ஜின் நினைவாக, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதாவை 1876இல் வரைந்தார். சிறுமிகளை வரைவதையும் அவர் நிறுத்தவில்லை. அவற்றில் தன் பிள்ளைகளைத்தான் வரைந்தார் என்று சொல்லிவிட முடியாது. மாதிரிக்கு நின்றவர்கள் வேறு பிள்ளைகள், விற்பனையும் நல்ல விற்பனை. இருந்தாலும் இது தெரிந்தபின் அந்தச் சுத்தமான பாதங்களை முன்போலக் கேலி செய்ய எனக்கு வரவில்லை.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும், எழுவானிலும் படுவானிலும், இறந்த பிள்ளையின் படம் சுவரில் தொங்காத ஊர் அரிது. மிஞ்சியது ஒரு அடையாள அட்டைப் படமாக இருக்கும். ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, கசங்கிய சட்டையை மாற்றி, பின்னால் நீலவானம் வைத்துக் கொடுப்பார். இது பொய் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பலர் அந்தப் படத்துக்குப் பூமாலை மட்டும் போடமாட்டார்கள். மாலை போட்டால் பிள்ளை இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

1905இல் பூக்ரோ இறந்தபின் அவரது படங்கள் பல களஞ்சிய அறைகளுக்குள் போயின. 1984இல்தான் பாரிஸில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அது அடுத்து மொன்றியலுக்குச் சென்றது. 83 ஜூலைக்குப் பின் நம்மவர்கள் அந்த நகரத்துக்கு வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம் அது.