டார்க் மோடும் கண்ணின் இதமும்: ஒரு மறுஆய்வு

2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகிய இரண்டும் இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்தைக் காட்டும் டார்க் மோடைக் கைப்பேசி முழுமைக்குமான வசதியாக்கின. அது கண்ணைக் காக்கும் என்ற நம்பிக்கையும் உடன் பரவியது. தெளிவாக வாசிக்க முடிவதும் கண் சோர்வின்றி இருப்பதும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதே இந்நம்பிக்கையின் அடிப்படைப் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தெளிவைப் பொறுத்தவரை சான்றுகள் வெள்ளைப் பின்னணியின் பக்கமே நிற்கின்றன. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்செல் பூக்னரும் பவும்கார்ட்னரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையில் கறுப்பு எழுத்தாக இருந்தபோது மெய்ப்புத் திருத்துவோர் கூடுதல் பிழைகளைக் கண்டுபிடித்தனர். அறை இருட்டாக இருந்தபோதும் முடிவு மாறவில்லை. ஆனால் கண் சோர்வு, தலைவலி குறித்து அவர்கள் சொன்னவற்றில் இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. திறன் மாறியது, சோர்வு மாறவில்லை.

காரணத்தை அதே குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு விளக்குகிறது. திரையின் மொத்த ஒளிர்வைச் சமமாக்கியதும் வெள்ளைப் பின்னணியின் மேன்மை மறைந்துவிட்டது. ஒளி மிகும்போது கண்பாவை சுருங்குகிறது. விழிவில்லையின் ஓரங்களால் நேரும் மங்கல் குறைந்து, விழித்திரையில் விழும் உரு கூர்மையாகிறது. ஆக, பயன் தருவது நிறமன்று, ஒளியின் அளவே. எழுத்து சிறுக்கச் சிறுக்க இந்த வேறுபாடு பெருகும் என்று 2014இல் அக்குழு காட்டியது. புள்ளி ஒன்றால் க, க் எனப் பிரிவதும், சுழி ஒன்றால் ன, ண எனப் பிரிவதும் தமிழ் எழுத்தின் இயல்பு. ஆகவே சிறிய கைப்பேசித் திரையில் தமிழ் வாசிப்போருக்கு இம்முடிவு கூடுதலாகவே பொருந்தும் எனக் கருத இடமுண்டு.

விதிவிலக்கும் வலுவானதே. கண்புரை போன்றவற்றால் கண்ணின் ஊடகம் கலங்கியவர்களுக்கு வெண்பரப்பின் ஒளி உள்ளே சிதறி எழுத்தை மழுக்கும். அத்தகையோர் கறுப்பில் வெள்ளை எழுத்தை வேகமாக வாசிப்பதைப் பார்வை ஆய்வாளர் கோர்டன் லெகி குழுவினர் 1985இலேயே பதிவுசெய்தனர். இது தவிர, 2018இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளைப் பின்னணியில் ஒரு மணி நேரம் வாசித்தபின் விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு படலம் சுமார் 16 மைக்ரோமீட்டர் மெலிந்ததையும், கறுப்புப் பின்னணியில் தடித்ததையும் அளந்தனர். கோராய்டு மெலிவது கிட்டப்பார்வையோடு தொடர்புடைய மாற்றம் என்பதால் இது கவனத்துக்குரியது. ஆயினும் ஒரு மணி நேர அளவீட்டைக் கொண்டு டார்க் மோடு கிட்டப்பார்வையைத் தடுக்கும் என முடிவுகட்ட இயலாது.

இரவில் வெள்ளைத் திரை கூசுகிறதே எனலாம். இருண்ட அறைக்கும் ஒளிரும் திரைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே அக்கூச்சத்துக்குக் காரணம். விளக்கொன்றை ஏற்றினாலோ திரையின் ஒளிர்வைத் தணித்தாலோ அது நீங்கும். ஒளிர்வு தணிவதால் இழக்கும் கூர்மையை எழுத்தைப் பெரிதாக்கி ஈடுசெய்யலாம். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் வரும் வறட்சிக்கோ இரு முறைகளுமே மருந்தல்ல.

எனவே முதலில் ஒளிர்வையும் எழுத்தளவையும் சூழலுக்கேற்பச் சீர்செய்ய வேண்டும். பின்னணி நிறத்தை அவரவர் கண்ணின் நிலைக்கு விட வேண்டும். செயலிகளை வடிவமைப்போர் ஒன்றை மட்டும் திணிக்காமல் இரண்டையும் தருவதே தகும்.